மெலிசான்ட்ரேக்கு முன்பு கரீஸ் வான் ஹௌட்டன் யார்?

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் சிவப்பு உடை உடுத்திய பூசாரிணி மெலிசான்ட்ரேயாக வரும் கரீஸ் வான் ஹௌட்டன் அந்தத் தொடரால்தான் பெயர் பெற்றாரா, அதற்கு முன் சொல்லிக்கொள்ளும்படி ஏதாவது செய்திருக்கிறாரா, செய்திருந்தால் எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. உலகம் முழுவதும் ஒரு நடிகையை ஒரே ஒரு வேடத்தில்தான் அறிந்திருக்கிறது என்றால், அந்த வேடத்தை வைத்தே அவருடைய திறமையை எடைபோடலாமா என்பதே அது. திரைப்பட நடிப்பைப் பல ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பாடமாக நடத்தி வருபவன் என்ற முறையில், இவருடைய படங்களை வகுப்பில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்கு டச்சு மொழி தெரியாது. துணைவசனத்தின் உதவியோடுதான் பார்க்கிறேன். ஆகவே அவருடைய வசன உச்சரிப்பைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உடலையும் முகத்தையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத செய்திகள். அவர் 1976 செப்டம்பர் 5 அன்று நெதர்லாந்தின் லைடெர்டோர்ப் என்ற ஊரில் பிறந்து, உத்ரெக்ட் நகரில் வளர்ந்தார். தந்தை தியோடோர் வான் ஹௌட்டன் இசையைப் பற்றியும் மௌனப் படங்களைப் பற்றியும் எழுதியவர். தங்கை யெல்கா வான் ஹௌட்டனும் அங்கே நன்கு அறியப்பட்ட நடிகை. கரீஸ் மாஸ்ட்ரிக்ட் நகர நாடகப் பள்ளியில் சிறிது காலம் படித்துவிட்டு, ஆம்ஸ்டர்டாமில் உள்ள க்ளைன்குன்ஸ்ட் அகாடமிக்கு மாறினார். பாட்டு, நகைச்சுவை, நாடகம் மூன்றையும் கலந்து தனி நிகழ்ச்சிகளாக மேடையேற்றும் மரபு ஒன்று டச்சு அரங்கில் உண்டு. அதற்கான பயிற்சியைத் தரும் பள்ளி அது. பின்னாளில் திரையில் அவர் பாடும் இடங்களைப் பார்க்கும்போது இந்தப் பள்ளியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து விருதுகள். உத்ரெக்டில் ஆண்டுதோறும் நடக்கும் நெதர்லாந்து திரைப்பட விழாவில் ‘தங்கக் கன்று’ என்றொரு விருது தருகிறார்கள். அந்நாட்டுத் திரைத்துறைக்கு அதைவிடப் பெரிய விருது கிடையாது. 1999இல் மார்ட்டின் கூல்ஹோவன் இயக்கிய ‘சூஸி க்யூ’ என்ற தொலைக்காட்சிப் படத்தின் முதன்மை வேடத்துக்காக, தொலைக்காட்சி நாடகத்துக்கான நடிப்புப் பிரிவில் கரீஸ் அதைப் பெற்றார். அதன்பின் சிறந்த நடிகைக்கான தங்கக் கன்று நான்கு முறை அவருக்குக் கிடைத்தது. ‘மினூஸ்’, 2006இல் வந்த ‘ஸ்வார்ட்புக்’, 2010இல் வந்த ‘மகிழ்ச்சியான இல்லத்தரசி’, 2011இல் வந்த ‘பிளாக் பட்டர்ஃப்ளைஸ்’ ஆகியவையே அந்த நான்கு படங்கள். மெலிசான்ட்ரே முதன்முதலாகத் தோன்றியது 2012 ஏப்ரலில். அதாவது நீங்கள் அவரைச் சந்தித்த நாளில், தம் நாட்டில் ஒரு நடிகை எட்டக்கூடிய உயரம் அனைத்தையும் அவர் எட்டி முடித்திருந்தார். உங்கள் முதல் கேள்விக்கு இதுவே நேரான விடை.

அப்படியானால் அவரை ஏன் நமக்குத் தெரியவில்லை என்று கேட்பீர்கள். ஏறத்தாழ ஒரு கோடியே எண்பது லட்சம் மக்கள் வாழும் நாடு அது. பெல்ஜியத்தின் வட பகுதியான ஃப்ளாண்டர்ஸிலும் டச்சு பேசுகிறார்கள் என்றாலும், டச்சு மொழிப் படம் ஒன்று அந்த எல்லையைத் தாண்டி வணிக முறையில் ஓடுவது அரிது. அங்கே திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே உயர்ந்த சுவர் கிடையாது. ஒரே ஆள் காலையில் தொடரில் நடிப்பார், மாலையில் மேடையேறுவார், அடுத்த பருவத்தில் படம் செய்வார். பால் வெர்ஹோவன் என்ற இயக்குநரும் ருட்கர் ஹௌவர் என்ற நடிகரும் 1969இல் ‘ஃப்ளோரிஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரில்தான் கைகோத்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த நாட்டில் சின்னத்திரை எவ்வளவு பெரிய பட்டறை என்பது விளங்கும். கரீஸின் தொடக்கமும் அதே பட்டறைதான். ‘சூஸி க்யூ’ படத்தில் 1960களின் இசை நிறைய இருப்பதால் பாடல்களின் உரிமைச் சிக்கல் எழுந்து, அது திரையரங்குக்கோ டிவிடிக்கோ வராமலே போனது. ஒரு நடிகையின் முதல் பெரிய வேலை பரவலாகப் பார்க்கக் கிடைக்காமல் போனதை ஓர் இழப்பாகவே நான் கருதுகிறேன்.

இனி வருவது என் சொந்தக் கணிப்பு. மேலே சொன்ன தேதிகளுக்கும் விருதுகளுக்கும் உள்ள உறுதியை இதற்குக் கொடுக்க வேண்டாம். கரீஸின் சிறந்த வேடங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு பொதுத் தன்மை தெரிகிறது. வேறொருவராக நடித்துக்கொண்டிருக்கும் பெண்ணை நடிப்பதில்தான் அவருடைய திறமை முழுமையாக வெளிப்படுகிறது. உள்ளே ஒருத்தி, வெளியே இன்னொருத்தி. இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பார்வையாளருக்குக் காட்ட வேண்டும், கதையில் எதிரே நிற்பவருக்கோ ஒருத்திதான் தெரிய வேண்டும். மிகக் கடினமான வேலை இது. சற்று அதிகமாகக் காட்டினால் எதிரில் இருப்பவர் முட்டாளாகத் தோன்றுவார். சற்றுக் குறைத்தால் பார்வையாளருக்கு உள்ளே இருப்பவள் தெரியாமலே போவாள்.

‘மினூஸ்’ படத்தில் இது விளையாட்டாக வருகிறது. அன்னி எம். ஜி. ஷ்மிட் எழுதிய குழந்தைகளுக்கான கதையை வின்சென்ட் பால் 2001இல் படமாக்கினார். ரசாயனக் கழிவைக் குடித்த பூனை ஒன்று இளம்பெண்ணாக மாறிவிடுகிறது. செய்தி சேகரிக்கக் கூச்சப்படும் பத்திரிகையாளர் ஒருவருக்கு, ஊர்ப் பூனைகளிடமிருந்து திரட்டிய செய்திகளை அது கொண்டுவந்து தருகிறது. இந்த வேடத்தைச் சேட்டையாகச் செய்துவிடுவது எளிது. கரீஸோ அந்தப் பெண்ணை மிகவும் கண்ணியமானவளாக, மனிதர்களின் நாகரிகத்தை அக்கறையோடு கற்றுக்கொள்ள முயல்பவளாகச் செய்கிறார். நாய் குரைத்தால் மரத்தில் ஏறிவிடுகிறாள், ஏறிய பிறகு அதற்காக வருந்துகிறாள். தோள்பட்டையும் கழுத்தும் பூனைக்குரியவை, கண்ணில் இருக்கும் சங்கடம் மனிதருக்குரியது. குழந்தைகளுக்கான படம் என்று ஒதுக்காமல் டச்சுக்காரர்கள் இதற்குச் சிறந்த நடிகை விருதைக் கொடுத்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

அதே திறமை ‘ஸ்வார்ட்புக்’ படத்தில் உயிர்ப் பிரச்சினையாகிறது. ‘பிளாக் புக்’ என்ற ஆங்கிலப் பெயரில் இதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஹாலிவுட்டில் நீண்ட காலம் படமெடுத்த வெர்ஹோவன் தாய்நாட்டுக்குத் திரும்பி, தம் பழைய கதையாசிரியர் ஜெரார்ட் சூட்டெமானோடு சேர்ந்து உருவாக்கிய படம் இது. அதுவரை எடுக்கப்பட்ட டச்சுப் படங்களில் இதற்குத்தான் அதிகப் பொருட்செலவு. 2006இல் வெனிஸ் விழாவில் திரையிட்டார்கள். அந்த ஆண்டு ஆஸ்கர் விருதின் பிறமொழிப் படப் பிரிவுக்கு நெதர்லாந்து இதை அனுப்பியது. இறுதி ஐந்தில் இடம் கிடைக்காவிட்டாலும் அதற்கு முந்தைய ஒன்பது படங்களின் பட்டியல்வரை வந்தது. 2008இல் டச்சுப் பார்வையாளர்கள் தம் மொழியின் மிகச் சிறந்த படமாக இதையே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

கதை 1944இல் தொடங்குகிறது. ரேச்சல் ஸ்டைன் என்ற யூதப் பாடகி, கிராமத்துக் கிறித்தவக் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஒளிந்திருக்கிறாள். பைபிள் வசனத்தை மனப்பாடமாக ஒப்பித்தால்தான் அவளுக்குச் சாப்பாடு. அந்த மறைவிடம் குண்டுவீச்சில் அழிகிறது. தப்பிச் செல்லும் படகில், கண்ணெதிரே அவளுடைய குடும்பத்தினர் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். பிறகு தி ஹேக் நகரில் எதிர்ப்பு இயக்கத்தில் சேரும் அவள், தலைமுடிக்குப் பொன்னிறச் சாயம் பூசி எல்லிஸ் டி விரீஸ் என்று பெயரையும் மாற்றிக்கொண்டு, ஜெர்மானிய உளவுப் பிரிவின் அதிகாரி ஒருவரை நெருங்குகிறாள்.

என் வகுப்பில் நான் நிறுத்திக் காட்டும் இடம் இதுதான். அதிகாரிகளின் விருந்துக்கு எல்லிஸ் வருகிறாள். பியானோவின் முன் உட்கார்ந்திருப்பவன், தன் குடும்பத்தைக் கொன்றவர்களுக்குத் தலைமை தாங்கிய அதே ஆள் என்பதை ஒரு கணத்தில் அடையாளம் காண்கிறாள். கழிப்பறைக்கு ஓடி வாந்தி எடுக்கிறாள். பிறகு திரும்பி வந்து, அவனுடைய பியானோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பாட வேண்டியிருக்கிறது, பாடவும் செய்கிறாள். மாணவர்களுக்கு இந்தக் காட்சியை முதலில் ஒலியை அடக்கிவிட்டுக் காட்டுவேன். உதடும் கன்னமும் விருந்துக்குரிய சிரிப்பில் இருக்கின்றன. கண்ணிமை மட்டும் வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாக மூடித் திறக்கிறது. பியானோவின் பக்கம் உடல் திரும்பும்போது இடுப்புக்கு மேலே ஒரு விறைப்பு வருகிறது. அடுத்து ஒலியோடு பார்த்தால் குரலில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. தேர்ந்த பாடகியான எல்லிஸுக்குக் குரல் தடுமாறக் கூடாது என்பதைப் புரிந்துகொண்டு, அந்த அதிர்ச்சி முழுவதையும் குரலில் ஏற்றாமல் கழுத்துக்குக் கீழே இறக்கி வைத்திருக்கிறார். பாட்டும் நாடகமும் ஒரே பயிற்சியாகக் கற்றவரால்தான் இப்படிப் பிரித்துக் கையாள முடியும் என்பது என் எண்ணம்.

அந்தப் படத்தின் இறுதிப் பகுதியில் இன்னொரு காட்சி உண்டு. யார் செய்வது என்பதைச் சொன்னால் உங்கள் சுவை கெட்டுவிடும். அவளுக்கு இன்சுலின் மருந்தை அளவுக்கு மீறி ஊசியில் ஏற்றிவிடுகிறார்கள். நினைவு தப்பிக்கொண்டிருக்கும்போது நடந்தது என்னவென்று அவளுக்குப் புரிகிறது. கைக்கு எட்டிய சாக்லேட் கட்டியைப் பிய்த்து வாயில் திணித்துக்கொள்கிறாள். ரத்தத்தில் சர்க்கரை சரிந்துகொண்டிருக்கும் ஒருத்தி மெல்லுவதற்கே வலுவில்லாமல் மெல்லுவதை அத்தனை அருகிலிருந்து காட்டுகிறார்கள். வசனமே கிடையாது. படம் வெளியானபோது அவருக்கு வயது 30.

இந்தப் படத்துக்குப் பின் ஹாலிவுட் அவரை அழைத்தது. அங்கே நடந்தது எனக்கு இன்றும் ஏமாற்றமாக இருக்கிறது. 2008இல் வந்த ‘வால்கரி’ படத்தில், ஹிட்லரைக் கொல்ல முயன்ற ஷ்டௌஃபென்பர்க்கின் மனைவி நீனாவாக நடித்தார். உண்மையான நீனா கணவர் கொல்லப்பட்ட பிறகு கைது செய்யப்பட்டு, காவலில் இருந்தபோதே 1945 ஜனவரியில் குழந்தை பெற்றவர். தனிப் படமாக எடுக்கக்கூடிய வாழ்க்கை அது. படமோ கணவரின் சதியைப் பற்றியது என்பதால், கவலையோடு வழியனுப்பும் மனைவி என்ற அளவோடு அந்தப் பாத்திரம் நின்றுவிடுகிறது. அதே ஆண்டில் ரிட்லி ஸ்காட்டின் ‘பாடி ஆஃப் லைஸ்’ படத்தில் டிகாப்ரியோவின் மனைவியாக அவர் நடித்த காட்சிகள் படத்தொகுப்பிலேயே நீக்கப்பட்டன. இவற்றுக்குத் தனிப்பட்ட யாரையும் குறை சொல்வதற்கில்லை. அயல்நாட்டு உச்சரிப்புள்ள நடிகைக்கு ஆங்கிலப் படங்களில் கிடைக்கும் இடம் பெரும்பாலும் யாரோ ஒருவரின் மனைவியாகவோ புதிர்ப் பெண்ணாகவோதான் இருக்கிறது. நெதர்லாந்தில் வெளிநாட்டுப் படங்களுக்கு, குழந்தைகளுக்கானவை நீங்கலாக, மொழிமாற்றக் குரல் கொடுப்பதில்லை. மூல ஒலியோடு துணைவசனம் போட்டுத்தான் காட்டுவார்கள். அதனால் டச்சுக்காரர்களின் காதுக்குச் சிறு வயதிலிருந்தே ஆங்கிலம் பழகிவிடுகிறது, அவர்களும் எளிதாக ஆங்கிலத்தில் நடிக்க வருகிறார்கள். வந்தபின் கிடைக்கும் வேடம் எப்படிப்பட்டது என்பது வேறு கதை.

ஆங்கிலத்தில் அவருக்குத் தகுந்த வேடம் கிடைத்தது, டச்சு இயக்குநர் பாவ்லா வான் டெர் ஊஸ்ட் எடுத்த ‘பிளாக் பட்டர்ஃப்ளைஸ்’ படத்தில். தென்னாப்பிரிக்காவில் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் எழுதிய இங்கிரிட் யோங்கர் என்ற கவிஞரின் வாழ்க்கை அது. 1933இல் பிறந்து 1965இல் கேப் டவுன் கடலில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டவர். அவருடைய தந்தை நிறவெறி ஆட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர், தணிக்கைக்குப் பொறுப்பானவர். மகளோ ராணுவத்தின் குண்டுக்குப் பலியான கறுப்பினக் குழந்தையைப் பற்றிக் கவிதை எழுதினார். 1994இல் நெல்சன் மண்டேலா, மக்கள் வாக்களித்து அமைந்த முதல் நாடாளுமன்றத்தில் அந்தக் கவிதையை வாசித்தார். தந்தையாக ருட்கர் ஹௌவர் நடிக்க, தந்தையின் ஒரு பாராட்டுக்காக ஏங்கும் மகளையும் அவரை எதிர்த்தே எழுதும் கவிஞரையும் கரீஸ் ஒரே உடலில் வைத்திருக்கிறார். நியூயார்க்கின் ட்ரைபெக்கா விழா 2011இல் இதற்காக அவருக்குச் சிறந்த நடிகை விருதைக் கொடுத்தது. தொடரைப் பார்த்த உங்களுக்கு இதில் ஒரு கூடுதல் செய்தி இருக்கிறது. இங்கிரிட்டின் காதலராக, எழுத்தாளர் ஜாக் கோப் வேடத்தில் வருபவர் லியம் கன்னிங்ஹம். தொடரில் மெலிசான்ட்ரேயைக் கடைசிவரை மன்னிக்காத டாவோஸாக வருபவர் அவர்தான். படத்தில் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் விதத்தைக் கண்டபின், தொடரில் எதிரெதிரே நிற்பதைப் பார்ப்பது தனி அனுபவம்.

இப்போது மெலிசான்ட்ரேக்கு வரலாம். இந்த வேடம் அவருடைய தகுதிக்குக் குறைவானது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தொடக்கப் பருவங்களில் எழுத்தாளர்கள் அவருக்குக் கொடுத்தவை அருள்வாக்கும் அச்சுறுத்தலும் மட்டுமே என்பது உண்மைதான். ஆனால் ஐந்தாம் பருவத்தில் ஒரு சிறுமியை நெருப்பில் பலியிட்ட பிறகும், அவர் அரியணையேற்ற விரும்பிய ஸ்டானிஸ் போரில் தோற்கும்போது, தன் தெய்வம் தன்னைக் கைவிட்டதோ என்ற ஐயம் அந்தப் பூசாரிணியின் முகத்தில் முதல்முறையாக வருகிறது. 2016 ஏப்ரலில் ஒளிபரப்பான ஆறாம் பருவத்தின் முதல் பகுதியில், கண்ணாடியின் முன் நின்று கழுத்தணியைக் கழற்றியதும், இளமைக்குள் ஒளிந்திருந்த மிக முதிய உடல் வெளிப்படுகிறது. நான் முன்பு சொன்ன பொதுத் தன்மை இங்கேயும் அப்படியே பொருந்துகிறது: உறுதியாக இருப்பதுபோல் நடிக்கும், உறுதியற்ற ஒருத்தி. அந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய பகுதிகளை மறுபடி பாருங்கள். அவர் ஒருபோதும் அவசரப்படுவதில்லை, எப்போதும் சற்று மெதுவாகவே திரும்புகிறார், குளிரைப் பொருட்படுத்துவதில்லை. முதுமையை இவ்வாறு முன்கூட்டியே திட்டமிட்டு நடித்தாரா, பின்னால் அப்படிப் பொருந்தி வந்ததா என்பதில் நான் அறுதியிட்டு எதையும் சொல்ல மாட்டேன். இறுதிப் பருவத்தில் இரவுப் போர் நடக்கும் பகுதிக்காக 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருதின் சிறப்புத் தோற்ற நடிகைப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார்; விருது கிடைக்கவில்லை.

தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே 2016இல் பழைய இயக்குநர் கூல்ஹோவனின் ‘பிரிம்ஸ்டோன்’ படத்தில் நடிகர் கை பியர்ஸோடு நடித்தார். மதபோதகரான கணவன் மனைவியின் வாயை இரும்புப் பூட்டால் அடைத்துவைக்கும் கொடூரமான கதை அது. மனம் திடமில்லாத நேரத்தில் பார்க்க வேண்டாம். அதைவிட முக்கியமானது 2019இல் லொகார்னோ விழாவில் திரையிடப்பட்ட ‘இன்ஸ்டிங்க்ட்’. ‘ஸ்வார்ட்புக்’ படத்தில் அவருக்குத் தோழியாக நடித்த ஹலினா ரைன் இயக்குநரான முதல் படம் இது. இருவரும் சேர்ந்து ‘மேன் அப்’ என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள். தொடர் பாலியல் குற்றவாளி ஒருவரை விடுவிக்கலாமா என்று மதிப்பிட வேண்டிய உளவியலாளர் நிக்கொலினாக கரீஸ் வருகிறார். எதிரே மர்வான் கென்சாரி. தொழில்முறை அமைதி என்ற முகமூடிக்குப் பின்னால் அந்தப் பெண் சரிந்துகொண்டே போவதை, முகத்தில் ஏறக்குறைய எதையும் காட்டாமல் செய்திருக்கிறார். வேடத்துக்காகக் காத்திருப்பதை விட்டு, தமக்கு வேண்டிய வேடத்தைத் தாமே உருவாக்கிக்கொள்ளும் நிலைக்கு அவர் வந்துவிட்டார் என்பதற்கு இந்தப் படமும், கரீஸும் ஹலினாவும் நடித்து 2020இல் வந்த ‘ரெட் லைட்’ என்ற தொலைக்காட்சித் தொடரும் சான்று.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012இல் ஒரு பாடல் தொகுப்பை வெளியிட்டார். 2013இல் ‘த ஃபிஃப்த் எஸ்டேட்’ படத்தில் ஐஸ்லாந்து அரசியல்வாதி பிர்கிட்டா யோன்ஸ்டோட்டிராகவும், 2016இல் ‘ரேஸ்’ படத்தில் ஹிட்லர் ஆட்சிக்காகப் படமெடுத்த இயக்குநர் லெனி ரீஃபென்ஸ்டாலாகவும் நடித்தார். இரண்டுமே சிறிய வேடங்கள். 2023 மே மாதம், புதைபடிவ எரிபொருளுக்கு அரசு தரும் மானியத்தை எதிர்த்து தி ஹேக் நகரின் ஏ12 நெடுஞ்சாலையில் நடந்த மறியலில் கைதானவர்களில் அவரும் ஒருவர். அவருடைய காதல் வாழ்க்கையைப் பற்றி இணையத்தில் உலவும் கதைகளை நான் தொடவில்லை. நீங்கள் கேட்டது நடிப்பைப் பற்றி, அந்தக் கதைகளால் நடிப்பைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

எதிலிருந்து தொடங்குவது என்பதற்கு என் பரிந்துரை இது. முதலில் ‘ஸ்வார்ட்புக்’, வன்முறையும் நிர்வாணக் காட்சிகளும் கூடுதலான படம் என்பதால் குழந்தைகள் இல்லாத நேரத்தில் பாருங்கள். அடுத்து குழந்தைகளோடு உட்கார்ந்து ‘மினூஸ்’. அதன்பின் ‘பிளாக் பட்டர்ஃப்ளைஸ்’, கடைசியாக ‘இன்ஸ்டிங்க்ட்’. பிரசவத்துக்குப் பின் மனநலம் குலையும் பெண்ணைப் பற்றிய ‘மகிழ்ச்சியான இல்லத்தரசி’ துணைவசனத்தோடு கிடைத்தால் இடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் டச்சுப் படங்களுக்கு ஆங்கிலக் குரல் பதிவு கிடைத்தாலும் டச்சு மொழியிலேயே பாருங்கள். மொழி புரியாவிட்டாலும், அவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்பது கேட்கும். வேறொருவர் குரல் கொடுத்தால் முதலில் காணாமல் போவது அதுதான்.